கத்தி பட்டால் பரவுமா? நாள் கடந்தால்தான் பரவும்!

"கத்தி வைக்காதே, பரவிடும்!"

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் புற்றுநோய் என்று பேச்செடுத்தால் முதலில் விழுகிற வார்த்தை இதுதான்.

பாம்பனிலும் இதே பேச்சு. தங்கச்சிமடத்திலும் இதே பேச்சு. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, தேவிபட்டினம், எங்கே போனாலும் இதே பேச்சு.

கத்திக்குத்தில் செத்தவர்களைப் பற்றிச் செய்தி எழுதுவது என் வேலை. கத்திக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்து செத்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதற்கு எப்.ஐ.ஆர். கிடையாது. கோர்ட்டு கிடையாது. கூண்டில் நிறுத்த ஆளும் கிடையாது.

ஆனால் குற்றவாளி உண்டு. அவன் பெயர் தாமதம்.

நான் டாக்டர் இல்லை. ஹைஸ்கூலோடு படிப்பு முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நின்று, தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து படிக்கலாம். குமாஸ்தா மதுரை ரெயிலில் படிக்கலாம். படித்துவிட்டு வீட்டில் போய் ஒரு தடவை சொன்னால் போதும்.

நண்டும் புற்றும்

அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியர்கள் இந்த நோய்க்கு "நண்டு" என்று பெயர் வைத்தார்கள். கட்டியைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புடைத்து நிற்பது நண்டுக் கால் மாதிரி இருந்ததாம். கான்சர் என்ற வார்த்தைக்கும் லத்தீனில் நண்டு என்றுதான் அர்த்தம்.

நம் பெரியவர்கள் புற்று என்றார்கள். அதுவும் சரியான பெயர்தான். கரையான் புற்றில் வெளியே தெரிவது கொஞ்சம். மண்ணுக்கு அடியில் வழி போட்டு ஓடுவது அதிகம்.

உடம்பில் உள்ள செல்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தேவைக்குப் பிறக்கும். வேலை முடிந்தால் சாகும். ஏதோ ஒரு செல் இந்த ஒழுங்கை மீறிப் பெருக ஆரம்பித்தால் அது கட்டியாகிறது.

எல்லாக் கட்டியும் புற்று இல்லை. கொழுப்புக்கட்டி பத்து வருஷம் ஆனாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புற்றுக்கட்டி அப்படி இல்லை. வேலி தாண்டும். அதுதான் வித்தியாசம்.

மூன்று வழி

வேலி தாண்டிய புற்று முக்கியமாக மூன்று வழியில் போகிறது.

முதல் வழி, பக்கத்து வீடு. கன்னத்தின் உள்பக்கம் வந்த புற்று தாடை எலும்பை அரிக்கும். கர்ப்பப்பை வாயில் வந்த புற்று பக்கத்தில் பரவி, சிறுநீர்க் குழாயை நெரித்து, கடைசியில் கிட்னியைக் கெடுக்கும்.

இரண்டாவது வழி, நிணநீர். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் ஒரு வீக்கம் வரும். "நெறி கட்டியிருக்கு" என்போம். அந்த நெறிதான் உடம்பின் செக்போஸ்ட். வாயில் வந்த புற்று கழுத்து நெறிக்குப் போகும். மார்பில் வந்தது அக்குள் நெறிக்குப் போகும். வாயைப் பார்த்த கையோடு டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்ப்பது அதனால்தான்.

மூன்றாவது வழி, ரத்தம். செக்போஸ்ட் வழியாகப் போனவனைப் பிடித்துவிடலாம். கடல் வழியாகப் போனவன் எந்தக் கரையில் ஏறுவான் என்று தேட வேண்டும். ரத்தத்தில் இறங்கிய புற்றும் அப்படித்தான். ஆனால் அதற்கும் பழகிய கரைகள் உண்டு. பெருங்குடலில் வந்த புற்று பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகும். குடலில் இருந்து திரும்புகிற ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்று முதுகெலும்பைத் தேடும். மார்புப் புற்று எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று போகும்.

லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜட் இதை 1889-ல் எழுதினார். மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். புற்று கண்ட இடத்தில் விழவில்லை. விதை எங்கும் போகும், ஒத்துக்கொண்ட மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். பனங்கொட்டை போட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் இறங்கிய புற்றுச் செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகின்றன. தப்பிய சிலதுதான் வேர் பிடிக்கின்றன.

இன்னொன்று. ராமேசுவரம் நம்பர் போட்ட விசைப்படகு கச்சத்தீவுப் பக்கம் போனாலும் அது ராமேசுவரம் படகுதான். மார்பில் பிறந்த புற்று நுரையீரலில் போய் உட்கார்ந்தாலும் அது மார்புப் புற்றுதான். "மார்புல ஒண்ணு, நுரையீரல்ல ஒண்ணு, ரெண்டு கேன்சராம்" என்று சொந்தக்காரர்கள் பேசுவது தப்பு. நோய் ஒன்று. மருந்தும் பிறந்த இடத்தைப் பார்த்துத்தான்.

ஸ்டேஜ் என்றால் என்ன?

"எத்தனாவது ஸ்டேஜ்?" துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பதில் சொல்கிறவருக்கும் அர்த்தம் தெரியாது. கேட்கிறவருக்கும் தெரியாது.

பியர் டெனுவா என்ற பிரெஞ்சு டாக்டர் 1943-க்கும் 1952-க்கும் இடையில் ஒரு முறையை உண்டாக்கினார். மூன்று எழுத்து. டி, என், எம். மதுரையில் எழுதிய சீட்டைப் பாரிசில் உள்ள டாக்டரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

டி என்றால் கட்டி. எவ்வளவு பெரிசு, எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது.

என் என்றால் நெறி. செக்போஸ்டைத் தொட்டதா, எத்தனை நெறி என்று பார்ப்பது.

எம் என்றால் தூரத்துப் பயணம். வேறு உறுப்புக்குப் போய்விட்டதா என்று பார்ப்பது.

மூன்றையும் சேர்த்துத்தான் 1, 2, 3, 4 என்று ஸ்டேஜ் போடுகிறார்கள்.

வாய்ப்புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்குள், ஆழம் 5 மில்லிமீட்டருக்குள், நெறி இல்லை என்றால் முதல் ஸ்டேஜ். 4 சென்டிமீட்டருக்குள், ஆழம் 10 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, நெறியும் இல்லை என்றால் இரண்டாவது. கழுத்தில் அதே பக்கம் 3 சென்டிமீட்டருக்குள் ஒரே ஒரு நெறியில் மட்டும் புற்று இருந்தால் மூன்றாவது. தாடை எலும்பைத் துளைத்துவிட்டால் நான்காவது.

ஒரு சுண்டைக்காய் அளவில் காட்டியிருந்தால் சின்ன ஆபரேஷனோடு முடிந்திருக்கலாம். எலுமிச்சம்பழம் ஆன பிறகு போனால் தாடையை எடுக்க வேண்டி வரலாம், அப்புறம் கதிர்வீச்சு, மருந்து. நோய் ஒன்றுதான். நடுவில் போன நாள்தான் வேறு.

நாலாவது ஸ்டேஜ் என்றால் சங்கு ஊதுகிற ஸ்டேஜ் என்று நினைக்கிறார்கள். அதுவும் எப்போதும் உண்மை இல்லை. வாய்ப்புற்றில் நாலாவது ஸ்டேஜையே ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். ஏ என்றால் தூரத்து உறுப்புக்குப் போகவில்லை. குணமாக்கும் நோக்கத்தோடுதான் ஆபரேஷன் செய்கிறார்கள். தைராய்டில் அதிகமாக வருகிற சாதாரண வகை, 55 வயதுக்கு உட்பட்டவருக்கு வந்தால், நுரையீரலுக்குப் போயிருந்தாலும் இரண்டாவது ஸ்டேஜ் என்றுதான் எழுதுவார்கள். ரத்தப்புற்றில் கட்டியே கிடையாது. அதற்கு இந்த மூன்று எழுத்துக் கணக்கே இல்லை. கர்ப்பப்பை வாய்ப்புற்றுக்குப் பெண்கள் நோய் டாக்டர்கள் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆக, "உங்க பெரியப்பாவுக்கும் மூணு, எங்க மாமாவுக்கும் மூணு" என்று டீக்கடையில் ஒப்பிட்டுப் பேசுவது வீண்.

ஊசி குத்தினால்?

மீன் மார்க்கெட்டில் ஓர் அக்கா. மார்பில் கட்டி வந்து ஒரு வருஷம் காட்டவே இல்லை.

"ஏன்க்கா காட்டலை?" என்று கேட்டேன்.

"வலி இல்லையே தம்பி. வலிச்சாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போவோம்? அப்புறம் போனா ஊசி குத்தி எடுத்துப் பாக்கணும்னாங்க. ஊசி பட்டா பரவிடும்னு எங்க மாமியா அழுதாங்க. வந்துட்டேன்" என்றார்.

மறுபடி போனபோது அக்குளில் நெறி கட்டியிருந்தது. ஊசி குத்தாமலே பரவியிருந்தது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் எல்லாரும் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே எங்கும் பரவியிருக்கும். டாக்டர் மூடி அனுப்புவார். கொஞ்ச நாளில் ஆள் போய்விடுவார். ஊரில் உள்ளவர்கள் கணக்குப் போட்டார்கள்: கத்தி வைத்தார்கள், செத்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழம் ஏற்கெனவே விழத் தயாராக இருந்தது.

நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று யாரும் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கு வந்த நுரையீரல் நோயாளிகளிடம் கேட்டு 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆபரேஷனில் காற்றுப் பட்டால் புற்று பரவும் என்று நூற்றுக்கு 38 பேர் நம்பினார்களாம்.

ஊசிப் பரிசோதனையால் பரவுவது மிக மிக அபூர்வம். சில வகைக் கட்டியில் அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு என்பது டாக்டர்களுக்கே தெரியும். அங்கே ஊசி போகும் வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், அல்லது ஊசியே போட மாட்டார்கள். சதையை எடுத்துப் பார்க்காமல் புற்றா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. விசாரணையே வேண்டாம் என்று ஓடினால் கேஸ் எப்படி முடியும்?

பதவி பார்க்காத நோய்

இந்த நோயோடு தமிழ்நாடு போட்ட சண்டை பழையது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் குடல்புற்றால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. அன்று இருந்தது வெறும் 12 படுக்கை. அதை வளர்த்தவர்கள் அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும். 2021 ஜனவரியில் மறையும் வரை சாந்தா அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரிதான் வீடு.

முதல்-மந்திரியாக இருந்த அறிஞர் அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்று. 1968-ல் நியூயார்க்கில் ஆபரேஷன் நடந்தது. 1969 பிப்ரவரி 3-ந் தேதி காலமானார். வயது 59. காஞ்சீபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அன்று ஒரு முதல்-மந்திரிக்கு நியூயார்க் போக வேண்டியிருந்தது. இன்று தங்கச்சிமடத்து மீனவருக்கு மதுரையிலேயே சிகிச்சை இருக்கிறது. காப்பீட்டு அட்டை புற்றுநோய்க்கும் செல்லும். சிகிச்சைக்குப் போகிற நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரெயில் கட்டணத்தில் சலுகை உண்டு. 2022-ல் இருந்து ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆஸ்பத்திரி கிட்டே வந்துவிட்டது. நாம்தான் இன்னும் எட்டி நிற்கிறோம்.

வினிகர் செய்த வேலை

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஒரு முயற்சி தொடங்கியது. 30 வயதில் இருந்து 59 வயது வரை உள்ள கிராமத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி நீர்த்த அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். பெரிய மெஷின் இல்லை. ஏ.சி. ரூம் இல்லை.

2007-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப்புற்றால் ஏற்பட்ட சாவு, நடக்காத ஊர்களைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைவு.

திருவனந்தபுரம் பக்கம் 1996-ல் இருந்து வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வந்தது. ஒரு டார்ச் லைட், பார்க்கத் தெரிந்த கண், அவ்வளவுதான்.

61 நாள் இருக்கிறதே!

இங்கேதான் அதிகாரிகளை ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

"முகாம் போட்டால் மீனவர்கள் வருவதில்லை" என்கிறார்கள். எப்படி வருவார்கள்? கடலுக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். ஆட்கள் எல்லாம் ஊரில். வலையைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த 61 நாளில் படகுத் துறைக்கே போய் வாயைத் திறந்து பாருங்கள். மண்டபம், பாம்பன், ராமேசுவரம், ஏர்வாடி, மூக்கையூர், தொண்டி என்று வரிசையாகப் போனால் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பெண்களுக்குத் தனி முகாம், தனி மறைப்பு, பெண் டாக்டர் அல்லது நர்சு வேண்டும். கீழக்கரை ராத்தாவும் வர வேண்டும், பாசி எடுக்கிற அக்காவும் வர வேண்டும் என்றால் இது இல்லாமல் நடக்காது.

இன்னொரு கோரிக்கை. சீட்டில் டி, என், எம் என்று எழுதுகிற ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே தமிழில் மூன்று வரி எழுதட்டும். "கட்டி இவ்வளவு. நெறி இத்தனை. தூரத்துக்குப் போகவில்லை." இதை எழுத அரை நிமிஷம் ஆகுமா? இது இல்லாததால் சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்காரரிடமும், வாத்தியாரிடமும், எங்களைப் போன்ற நிருபர்களிடமும் ஜனங்கள் அலைகிறார்கள்.

சதைப் பரிசோதனை முடிவு வந்ததும் போன் செய்து சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். முடிவு பைலில் தூங்க, நோயாளி ஊரில் "ஒண்ணுமில்லை போல, கூப்பிடலையே" என்று நிம்மதியாக இருக்கிறார். ராமேசுவரத்தில் இருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். முடிவு வந்ததா என்று கேட்க மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகச் சொல்வது நியாயமா?

கல்லாவில் இருக்கிற அண்ணாச்சிக்கு...

குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழக அரசு 2013-ல் தடை போட்டது. அதற்குப் பிறகும் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். பிடிபடுகிறது என்றால் விற்கிறது என்று அர்த்தம். விற்கிறது என்றால் வாங்குகிறவர் நம் ஊர்க்காரர்.

ராத்திரி முழுக்கக் கடலில் தூங்காமல் இருக்கக் கன்னத்தில் அடக்குகிறார்கள். அடக்குகிற இடத்தில்தான் புண் வருகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். அப்புறம் வாய் முழுசாகத் திறக்காது. நிறுத்த வேண்டிய நேரம் அது. அண்ணாச்சி, அந்தப் பொட்டலத்தில் கிடைக்கிற லாபத்தைக் கடலை மிட்டாயில் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டி ஒட்டி வையுங்கள்

மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண். வாய்க்குள் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு. கழுத்தில் வலி இல்லாத கட்டி. மூன்று வாரத்துக்கு மேல் கம்மிய குரல். கவளம் இறங்காமல் சிக்குவது. மார்பில் கட்டி, காம்பில் ரத்தம். தீட்டு நின்றுபோன பிறகு ரத்தம் படுவது, தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம் படுவது.

இதில் எது இருந்தாலும் அது புற்று என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் வேறு ஏதாவது இருக்கும். ஆனால் அதை டாக்டர் சொல்ல வேண்டும். மாமியாரோ, டீக்கடையோ சொல்லக் கூடாது.

வலி இல்லை என்பது நல்ல சேதி இல்லை. புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதன் தந்திரம்.

புற்று என்று தெரிந்தால் டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். எங்கே பிறந்தது? நெறியைத் தொட்டதா? தூரத்துக்குப் போயிருக்கிறதா? குணமாக்கச் சிகிச்சையா, கஷ்டத்தைக் குறைக்கச் சிகிச்சையா? கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்பட வேண்டாம்.

1914-ல் ரெயில் பாலம், 1988-ல் ரோட்டுப் பாலம், 2025-ல் புது ரெயில் பாலம் என்று பாம்பனுக்கு வழி மேல் வழி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் தாண்ட வழி இருக்கிறது. பயம் தாண்டத்தான் இன்னும் பாலம் போடவில்லை.

இனிமேல் யாராவது "கத்தி வைக்காதே" என்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வைக்காமல் விட்டவர் எங்கே?"